சாவிக்கொத்து யார் கையில்? அமெரிக்க மாநிலங்களின் தலைமைத் தகவல் அலுவலர்கள்

2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களின் மக்கள் தரவு களவுபோனது. முதலில் யூட்டா. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகெய்டின் விவரங்கள் இருந்த ஒரு சர்வரைச் சரியாகப் பூட்டாமலே இணையத்தோடு இணைத்திருந்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் 7,80,000 பேரின் விவரங்கள் அதிலிருந்து வெளியேறின. அவர்களில் 2,80,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்களும் போயின. அந்த எண் கையில் இருந்தால் இன்னொருவர் பெயரில் கடன் வாங்கலாம், அரசு திருப்பித் தரும் வரிப் பணத்தைக் கேட்டு வாங்கலாம். குழந்தைகளின் எண்களும் அதில் இருந்தன. மே மாதம் ஆளுநர் கேரி ஹெர்பர்ட், மாநிலத் தொழில்நுட்பச் சேவைத் துறையின் தலைவர் ஸ்டீபன் ஃப்ளெட்சரிடம் ராஜினாமா கேட்டு வாங்கினார்.

அடுத்து தென் கரோலினா. ஆகஸ்ட் 13 அன்று வருவாய்த் துறைக்கு வந்த ஒரு போலி மின்னஞ்சலை யாரோ ஓர் ஊழியர் திறந்து அதிலிருந்த இணைப்பைச் சொடுக்கினார். அந்த வழியே கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள் ஒரு மாதம் கழித்து வரிக் கணக்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சுமார் 38 லட்சம் வரி செலுத்துவோரின் சமூகப் பாதுகாப்பு எண்களும் 3,87,000 வங்கி அட்டைகளின் எண்களும் போயின. வீடு கொள்ளைபோனது வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. அக்டோபர் 10 அன்று மத்திய அரசின் சீக்ரெட் சர்வீஸ் வந்து சொன்ன பிறகுதான் மாநில அரசுக்குத் தெரிந்தது. மக்களுக்கு அக்டோபர் 26 அன்று சொன்னார்கள். வருவாய்த் துறை இயக்குநர் ஜிம் எட்டர் பதவி விலகினார்.

யூட்டாவில் தொழில்நுட்பத் தலைவர் போனார். தென் கரோலினாவில் வரித் துறைத் தலைவர் போனார். ஏன் இந்த வேறுபாடு? யூட்டா 2005-இல் சட்டம் போட்டு எல்லாத் துறைகளின் கணினிப் பணியாளர்களையும் ஒரே துறைக்குள் கொண்டுவந்துவிட்டது. சர்வர் அந்தத் துறையுடையது, அதனால் தவறும் அதனுடையது. தென் கரோலினாவில் ஒவ்வொரு துறையும் தன் கணினியைத் தானே வாங்கி, தானே காவல் பார்த்துக்கொண்டது. மைய அலுவலகம் தந்த கண்காணிப்புச் சேவையை எடுத்துக்கொள்வதும் விடுவதும் அந்தந்தத் துறையின் விருப்பம். மாநிலம் முழுவதற்கும் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவர் அங்கு இல்லை. அடுத்த ஆண்டுதான் அதற்கென ஒரு பிரிவை அமைத்தார்கள்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்த மாநிலத்திலும் திருட்டு நடந்தது, சேர்க்காத மாநிலத்திலும் நடந்தது. சேர்ப்பதா பிரிப்பதா என்று அரை நூற்றாண்டாக மாநிலத் தலைநகரங்களில் நடக்கும் வாதத்தை இந்த ஓர் ஆண்டின் அருகில் வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான் என்று தெரிகிறது. மீதிப் பாதி இது: மாநிலத்தின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு என்று ஒருவரை நியமிக்கும்போது எந்தெந்தக் கதவின் சாவியை அவர் கையில் தருகிறோம்?

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ‘சிஐஓ’ என்று வழங்கும் தலைமைத் தகவல் அலுவலர் பதவி, மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு உருவத்தில் இருக்கிறது. சில மாநிலங்களில் அவர் ஆளுநரின் அமைச்சரவையில் உட்காருகிறார். சில மாநிலங்களில் நிர்வாகத் துறைச் செயலருக்குக் கீழே வேலை பார்க்கிறார். (அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், நம் ஊர் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.) தரவு மையம், நெட்வொர்க், மின்னஞ்சல், தொலைபேசி, தகவல் பாதுகாப்பு, பெரிய மென்பொருள் திட்டங்களின் மேற்பார்வை, கொள்முதல் ஆகியவற்றில் எல்லாமோ சிலவோ அவர் தலையில் இருக்கும். தமிழ்நாட்டில் இந்த வேலைகளை ஒருவர் செய்வதில்லை. தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஐ.ஏ.எஸ். செயலர் இருக்கிறார்; 1977-இல் தொடங்கிய அரசு நிறுவனமான எல்காட் இருக்கிறது; மின் ஆளுமை முகமை இருக்கிறது; மத்திய அரசின் என்ஐசி ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறது. ‘இது யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைப் பதிலாகச் சொல்ல அமெரிக்க மாநிலங்கள் முயன்றன. அந்த முயற்சியின் வரலாறுதான் இந்தப் பதவியின் வரலாறு.

பதவியின் முன்னோர்கள் எந்திர அறைக் காவலர்கள். ஊழியர் சம்பளமும் வரிக் கணக்கும் மெயின்ஃபிரேம் கணினிக்குப் போன காலத்தில், குளிரூட்டிய அறையில் அந்த எந்திரத்தை ஓட்டியவர்கள் ‘தரவுச் செயலாக்க மேலாளர்கள்’ எனப்பட்டார்கள். 1969-இல் அவர்கள் மாநிலங்களுக்கிடையே ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றுவரை பிழைத்திருக்கிறது. ஆனால் 1989-இலும் 2001-இலும் பெயர் மாறியது. இப்போது அதன் பெயர் நாஸியோ, அதாவது மாநிலத் தலைமைத் தகவல் அலுவலர்களின் தேசியச் சங்கம். எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், தகவலுக்கே தலைவரானது இந்தப் பெயர் மாற்றத்தில் தெரிகிறது. நடுவில் இரண்டு நிகழ்ச்சிகள். 1996-இல் அமெரிக்க மத்திய அரசு கிளிங்கர்–கோஹன் சட்டத்தின் மூலம் தன் துறைகளுக்குத் தலைமைத் தகவல் அலுவலர்களை வைத்தது. மாநிலங்கள் அதைப் பார்த்துத் தம் பதவிகளைத் திருத்திக்கொண்டன. அடுத்து 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிழை. எந்தெந்த நிரல் எங்கெங்கே ஓடுகிறது என்று பட்டியல் போட வேண்டிய கட்டாயம் அப்போது பல மாநிலங்களுக்கு வந்தது.

இந்தப் பதவியை மாநிலங்கள் விரும்பி உண்டாக்கியதைவிட, அடிபட்டு உண்டாக்கியதே அதிகம். கலிஃபோர்னியாவைப் பாருங்கள். ஓட்டுநர் உரிம, வாகனப் பதிவுக் கணினியைப் புதுப்பிக்க 1987-இல் தொடங்கிய திட்டத்தை, 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 1994-இல் கைவிட்டார்கள். அந்த அவமானத்தில் 1995-இல் தகவல் தொழில்நுட்பத் துறை ஒன்று பிறந்தது. திட்டங்களை மேற்பார்வை செய்வதே அதன் வேலை. ஆனால் 2001-இல் அந்தத் துறையும் சேர்ந்து ஆதரித்த ஓர் ஒப்பந்தத்தில், ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளை 2,70,000 ஊழியர்களுக்கு 9.5 கோடி டாலருக்கு மாநிலம் ஒட்டுமொத்தமாக வாங்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. தேவை எவ்வளவு என்று சரியாகக் கேட்டறியாமல் வாங்கியிருக்கிறார்கள், இதனால் 4.1 கோடி டாலர் வரை மிகைச் செலவு ஆகலாம் என்றது அது. ஒப்பந்தம் ரத்தானது. காவலுக்கு வைத்த துறையையும் 2002 ஜூலையில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். அதன் பிறகு துறை இல்லாத ஒரு சிஐஓ, 2007-இல் சட்டப்படியான அலுவலகம், பிறகு ‘முகமை’, 2013-இல் மறுபடி ‘துறை’. அந்த 2013 பிப்ரவரியில் மாநில ஊழியர் சம்பளத் திட்டம் ஒன்று, சுமார் 25 கோடி டாலர் செலவான பின் நின்றது.

ஃப்ளோரிடாவின் கதை இன்னும் வேகமானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த தொழில்நுட்ப அலுவலகத்தை 2005-இல் கலைத்தார்கள். 2007-இல் வேறு பெயரில் ஒன்று அமைத்து 2012-இல் கலைத்தார்கள். 2014-இல் மூன்றாவது, 2019-இல் அது நிர்வாகத் துறைக்குள் கரைந்தது. 2020-இல் நான்காவது. ஒரு தரவு மையத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி முடிக்கவே நான்கைந்து ஆண்டு பிடிக்கும். அலுவலகத்தின் ஆயுளே அவ்வளவுதான் என்றால், அதில் உட்கார்ந்திருப்பவர் எதைத் தொடங்கத் துணிவார்?

கலைத்த ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் துறைகளின் எதிர்ப்பு இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் துறைகளைக் குறை சொல்வதற்கு முன் பணம் எந்த வாய்க்காலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பதவியின் உள்முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

மாநிலங்களின் மிகப் பெரிய கணினிகள் பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தில் ஓடுகின்றன. மெடிகெய்ட் கணினியை உருவாக்கும் செலவில் 90 சதவீதத்தையும், ஓட்டும் செலவில் 75 சதவீதத்தையும் வாஷிங்டன் கொடுக்கிறது. 1972 முதல் இந்த விகிதம் சட்டத்தில் இருக்கிறது. உணவு உதவிக்கு வேறு விகிதம். வேலையின்மைக் காப்பீட்டை நடத்தும் செலவுக்கு வேறு நிதி. ஒவ்வொரு பணமும் தன் விதிகளைக் கூடவே கொண்டுவருகிறது. ஒரு திட்டத்துக்கு வந்த காசில் இன்னொரு திட்டத்தின் சர்வருக்கு மின்சாரம்கூடக் கட்டக் கூடாது. பங்கு பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே சுகாதாரத் துறைச் செயலர் தன் கணினித் திட்டத்துக்கு யாருடைய ஒப்புதலை முதலில் தேடுவார்? பணம் தருபவரின் ஒப்புதலைத்தான். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் மாநில சிஐஓ அவருக்கு இரண்டாவது கையெழுத்து.

அந்த சிஐஓவின் சொந்த வருமானமோ பெரும்பாலும் இந்தத் துறைகளிடமிருந்தே வருகிறது. பல மாநிலங்களில் சட்டமன்றம் அவருக்கு நேரடியாக ஒதுக்கும் நிதி சொற்பம். மின்னஞ்சல் கணக்குக்கு இவ்வளவு, சேமிப்பிடத்துக்கு இவ்வளவு என்று துறைகளுக்கு மாதா மாதம் பில் போட்டுத்தான் அவர் அலுவலகம் நடக்கிறது. இதில் ஒழுங்கு உண்டு. யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் யாரைக் கண்டிக்க வேண்டுமோ அவரிடமே பில் பணம் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய கணினியைத் தூக்கி எறியச் சொன்னால், அதற்கான வாடகை வரவும் கூடவே போகும். யாருக்கும் பில் போட முடியாத வேலைகளும் இருக்கின்றன: தரங்களை எழுதுவது, ஆபத்தைக் கணிப்பது, தவறான திட்டத்தை முளையிலேயே நிறுத்துவது. அவை எப்போதும் பட்டினி கிடக்கின்றன. சட்டமன்றங்கள் இந்த ஒரு விஷயத்தை மாற்றினாலே, அலுவலகத்துக்குப் புதுப் பெயர் வைப்பதைவிடப் பத்து மடங்கு பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

பணத்துக்கு அடுத்தது ஒப்பந்தம். இதில் வர்ஜீனியாவின் அனுபவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆளுநர் மார்க் வார்னர் தொழில்நுட்ப முதலீட்டில் பணம் சேர்த்தவர். 2003-இல் அவர் ஆட்சியில் வர்ஜீனியா தன் துறைகளின் கணினிக் கட்டமைப்பை வீட்டா என்ற ஒரே முகமையின் கீழ் கொண்டுவந்தது. முகமையின் தலைவரான சிஐஓவை நியமிப்பதும் நீக்குவதும் ஆளுநர் அல்ல, ஒரு முதலீட்டு வாரியம். வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது. நான்கு ஆண்டுக்கொரு முறை ஆள் மாறியே தீரும். அந்தக் காற்று கணினி அறைக்குள் அடிக்கக் கூடாது என்று நினைத்தார்கள். நல்ல நோக்கம்தான். 2005-இல் நார்த்ரப் க்ரம்மன் நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சர்வர், நெட்வொர்க், மேசைக் கணினி எல்லாம் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. மாநிலம் முன்பணம் போட வேண்டாம், நிறுவனம் முதலீடு செய்யும், மாநிலம் மாதாமாதம் கட்டணம் செலுத்தும்.

வேலை காலக்கெடுவைத் தாண்டியது, துறைகள் புகார் சொல்லின. 2009-இல் சிஐஓ லெமுவெல் ஸ்டூவர்ட், நிறுவனத்துக்குத் தர வேண்டிய சுமார் 1.4 கோடி டாலரை நிறுத்திவைக்க முற்பட்டார். ஜூன் மாதம் வாரியம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் நிர்வாகம் சரியா தவறா என்பது பற்றிப் பல கருத்துகள் உண்டு. ஆனால் ஒப்பந்ததாரரின் பணத்தை நிறுத்த முயன்ற அலுவலர் உடனே வேலையை இழந்தது, அவருக்குப் பின் வருபவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கும்?

ஓராண்டு கழித்து, 2010 ஆகஸ்ட் 25 அன்று, ரிச்மண்ட் அருகே செஸ்டர்ஃபீல்டில் இருந்த மாநிலத் தரவு மையத்தில் ஒரு சேமிப்புக் கருவி பழுதானது. 26 அரசு அமைப்புகளின் கணினிகள் பாதிக்கப்பட்டன. மோட்டார் வாகனத் துறை அலுவலகங்களில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு உரிமம் கொடுக்க முடியவில்லை. ஒரு கருவி கெட்டால் இன்னொன்று தாங்கும் என்று சொல்லித்தான் அந்தக் கருவியை வாங்கியிருந்தார்கள். எல்லாத் துறைகளையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்ததால் செலவு மிச்சம் என்று பேசியவர்கள், கூரை ஒழுகினால் எல்லாரும் நனைய வேண்டும் என்பதை அந்த வாரம் கண்டார்கள். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, வாரியத்தின் அதிகாரத்தைப் பறித்து, சிஐஓவைத் தொழில்நுட்பச் செயலருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அரசியலிலிருந்து விலக்கி வைத்தால் அவர் பாதுகாப்பாக இருப்பார் என்ற எண்ணத்துக்கு ஏழு ஆண்டுதான் ஆயுள். விலகி இருந்தவரிடம் சண்டை வரும்போது கூட நிற்க ஆளில்லை.

டெக்ஸாஸும் இதே காலத்தில் இதே பாதையில் போனது. 27 துறைகளின் தரவு மையங்களை ஒன்றுசேர்க்க ஐபிஎம் தலைமையிலான குழுவுக்கு 86.3 கோடி டாலரில் ஏழாண்டு ஒப்பந்தம் தந்து, 2012-இல் பாதியில் முடித்துக்கொண்டு வேறு நிறுவனங்களுக்கு மாறியது. வெளியாருக்குத் தந்ததுதான் தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மினசோட்டாவின் வாகனப் பதிவுக் கணினியை முதலில் ஒரு நிறுவனத்திடம் தந்து, சரிவராமல் 2014-இல் விலக்கி, மாநில சிஐஓவின் துறையே சொந்த ஆட்களைக் கொண்டு எழுதியது. 2017 ஜூலையில் அது மக்களிடம் வந்தது. பெயர் மாற்றமும் உரிமைச் சான்றும் மாதக் கணக்கில் தேங்கின. 2019-இல் அதைக் கைவிட்டுச் சந்தையில் கிடைக்கும் மென்பொருளை வாங்க முடிவெடுத்தார்கள். செய்பவரும் மேற்பார்வையிடுபவரும் ஒரே துறை என்றால், ‘இன்னும் தயாராகவில்லை, திறக்காதே’ என்று யார் சொல்வது?

வேறொரு விஷயத்தில் ‘கூடாது’ என்று சொல்லத் துணிந்த ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். மாசசூசெட்ஸின் சிஐஓ பீட்டர் குவின். 2005 செப்டம்பரில் அவருடைய அலுவலகம் ஒரு கொள்கையை வெளியிட்டது. 2007 தொடக்கம் முதல் மாநில நிர்வாகத்தின் ஆவணங்கள் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத திறந்த வடிவத்தில், அதாவது ஓப்பன் டாக்குமெண்ட் வடிவத்தில், சேமிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அரசின் ஆவணம் மக்களுடையது. அதைத் திறக்க ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியாக வேண்டும் என்ற நிலை கூடாது. நூறு ஆண்டு கழித்தும் படிக்க முடிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் கடுமையாக எதிர்த்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் மென்பொருள்கள் அந்த வடிவத்தோடு ஒத்துப்போகுமா என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேட்டன. அது நியாயமான கேள்வி. நவம்பரில் குவினின் மாநாட்டுப் பயணங்களைப் பற்றி ஒரு நாளிதழ் கேள்வி எழுப்பியது. விசாரணையில் அவர் மேல் தவறில்லை என்றானது. ஆனாலும் டிசம்பரில் அவர் விலகுவதாக அறிவித்தார். 2007 ஆகஸ்டில் மாநிலம் மைக்ரோசாஃப்டின் வடிவத்தையும் ஏற்புடைய தரங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இது ஏதோ வடிவச் சண்டை என்று தமிழ் வாசகர்கள் கடந்துபோக மாட்டார்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் என்றிருந்த காலத்தில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்து, கட்டம் கட்டமாகத் தெரிவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் நாம். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்து ஆணையிட்டதற்குப் பின்னால் அந்த வலி இருந்தது. எந்த எழுத்தில், எந்த வடிவத்தில் ஓர் அரசு தன் நினைவை வைத்திருக்கும் என்பதை முடிவு செய்யும் நாற்காலி இது. சிஐஓ செய்யும் வேலைகளிலேயே எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான். சர்வர் மாறும், ஒப்பந்தம் மாறும், ஆவணம் இருக்கும்.

2020 வசந்தத்தில் கொரோனா வந்தபோது இந்தப் பதவியைப் பற்றி ஒன்றுமே அறியாத கோடிக்கணக்கான மக்களின் வீட்டுக்குள் அதன் விளைவுகள் வந்தன. ஒரே நாளில் வேலை போனவர்கள் காப்பீட்டுத் தொகை கேட்டு மாநில இணையதளங்களைத் தட்டினார்கள். தளங்கள் சரிந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் தன்னார்வமாக உதவிக்கு வர வேண்டும் என்று செய்தியாளர் கூட்டத்தில் கேட்டார். நாடே கோபோலைப் பழித்தது. அந்தப் பழி முழுவதும் சரியல்ல என்பேன். ஃப்ளோரிடாவின் வேலையின்மைக் காப்பீட்டுத் தளம் 2013-இல் சுமார் 7.7 கோடி டாலரில் புதிதாகக் கட்டப்பட்டது, அதுவும்தான் விழுந்தது. பழைய மொழியைவிடப் பெரிய காரணம் பழைய விதிகள். ஆண்டுக்காண்டு சட்டமன்றமும் வாஷிங்டனும் சேர்த்த நிபந்தனைகள் அடுக்கடுக்காக நிரலில் ஏறி உட்கார்ந்திருந்தன. கலிஃபோர்னியாவில் அரசுத் தொழில்நுட்ப வல்லுநர் ஜெனிஃபர் பால்காவும் மாநில அரசின் செயலர்களில் ஒருவரான யோலாண்டா ரிச்சர்ட்சனும் தலைமையேற்ற குழு அந்தக் கோடையில் தேக்கத்தை ஆராய்ந்தது. அதன் ஆலோசனைப்படி செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, அடையாளச் சரிபார்ப்பு முறையையே மாற்றினார்கள். கோளாறு எந்திரத்தில் மட்டும் இல்லை, விண்ணப்பம் கைமாறும் வழியிலும் இருந்தது. அந்த வழியைத் தொடும் அதிகாரம் சிஐஓவுக்கு வழக்கமாகக் கிடையாது; அது திட்டத்தை நடத்தும் துறையின் சொத்து.

தகவல் பாதுகாப்பில் நிலைமை வேறு மாதிரி. அச்சம் சில கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது. நாஸியோ ஆண்டுதோறும் உறுப்பினர்களிடம் கேட்டு வெளியிடும் முன்னுரிமைப் பட்டியலில் 2014 முதல் பத்தாண்டுக்கு மேல் முதலிடம் இதற்கே கிடைத்தது. 2018 பிப்ரவரியில் கொலராடோ போக்குவரத்துத் துறையைப் பிணைப்பண நச்சுநிரல் தாக்கியபோது ஆளுநர் அவசரநிலை அறிவித்துத் தேசியக் காவற்படையைக் கணினிகளுக்குக் காவல் அனுப்பினார். 2019 ஆகஸ்ட் 16 அன்று டெக்ஸாஸில் 20-க்கு மேற்பட்ட சிற்றூராட்சிகள் ஒரே காலையில் முடங்கின. பல ஊர்களுக்குக் கணினிப் பணி செய்துவந்த ஒரே நிறுவனத்தின் வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்திருந்தார்கள். கேட்ட தொகை 25 லட்சம் டாலர். மாநிலத் தகவல் வளத் துறை, தரவு மைய ஒப்பந்தத்தில் அடிபட்டதே அதே துறை, முன்னின்று நடத்தியது. ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவசரக் கட்டம் முடிந்தது. மேயரும் மூன்று எழுத்தர்களும் மட்டுமே இருக்கும் ஊராட்சிக்குத் தன் சொந்தப் பாதுகாப்பு வல்லுநரை எப்படி வைத்துக்கொள்ள முடியும்? இதை உணர்ந்துதான் வடக்கு டகோட்டா 2019-இல் சட்டம் இயற்றி, பள்ளிகள், நகராட்சிகள், நீதிமன்றங்கள் வரை அனைத்துப் பொது அமைப்புகளின் இணையப் பாதுகாப்பையும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறையின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. மத்திய அரசு 2021-இல் நான்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியபோது, அதில் 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும் என்றும், திட்டத்துக்கு மாநில சிஐஓ அல்லது அவருக்கு இணையானவரின் ஒப்புதல் வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. பணத்தோடு அவருடைய கையெழுத்தையும் சேர்த்துக் கட்டியதால், உள்ளாட்சிகளுக்கு அவர் தேவைப்பட்டார்.

திருடர்கள் வெளியிலிருந்து வரும்போது சாவி கிடைத்துவிடுகிறது. தீங்கு உள்ளேயே, அரசின் சொந்த மென்பொருளிலிருந்தே வந்தால்? மிச்சிகன் மாநிலத்துக்கு நல்ல பெயர் உண்டு. 2001-இலேயே அமைச்சரவை நிலையில் தகவல் தொழில்நுட்பத் துறை அமைத்தது. அதன் தலைவராக இருந்த டெரி டகாய் பிறகு கலிஃபோர்னியாவுக்கும் அங்கிருந்து மத்திய பாதுகாப்புத் துறைக்கும் சிஐஓவாகப் போனார். அந்த மிச்சிகனில் 2013 அக்டோபரில் வேலையின்மைக் காப்பீட்டு முகமை மைடாஸ் என்ற புதுக் கணினியைத் தொடங்கியது. வேலை கொடுத்தவர் தந்த கணக்கும் தொழிலாளி தந்த கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அது மோசடி என்று தானே முடிவுகட்டியது. வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதோடு அதன் நான்கு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். நோட்டீஸ் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. பிடித்தம் மட்டும் வந்தது, சம்பளத்திலிருந்தும் திரும்பி வரும் வரிப் பணத்திலிருந்தும். ஏறத்தாழ 40,000 பேர் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். மனிதர் கை படாமல் கணினி மட்டுமே முடிவு செய்த 22,000-க்கு மேற்பட்ட வழக்குகளை மாநிலமே பின்னர் மறுபடி பார்த்தபோது 93 சதவீதம் தவறு என்று கண்டது. கடனாளியானவர்கள், திவால் மனு போட்டவர்கள் அதில் இருந்தார்கள். 2022-இல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இந்தப் பதவி பற்றிய ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த 40,000 பேரிடம் வந்து நிற்கிறது. மைடாஸ் விழவில்லை. சர்வர் எரியவில்லை. யாரும் ஊடுருவவில்லை. தரவு மையத்தின் அளவுகோல்களில் அது நன்றாக ஓடிய கணினி. சிஐஓவின் வழக்கமான அறிக்கையில் அந்தக் காலம் முழுவதும் பச்சை விளக்கே எரிந்திருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு அரசு அலுவலகங்களுக்குள் வந்துவிட்டது. வெர்மாண்ட் 2022-இல் அதற்கென ஒரு பிரிவை அமைத்தது. 2023 செப்டம்பரில் கலிஃபோர்னியா, பென்சில்வேனியா ஆளுநர்கள் ஆணைகள் பிறப்பித்தார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் இன்னும் ஒரு படி போனது. வீடு, கல்வி, வேலை, கடன், மருத்துவம், தண்டனை போன்றவற்றில் மக்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கவோ அதற்கு உதவவோ செய்யும் தானியங்கி முறைகள் மாநிலத் துறைகளில் எங்கெங்கே இருக்கின்றன என்று தொழில்நுட்பத் துறை பட்டியலிட வேண்டும் என்று சட்டம் செய்தது. சிஐஓவிடம் இதுவரை யாரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தொழில்நுட்பத் துறை சுமார் 200 அரசு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. அப்படிப்பட்ட முறை எதுவும் எங்களிடம் இல்லை என்று அவை பதில் எழுதின. இல்லை என்றே அறிக்கையும் வந்தது. அதே மாநிலத்தில்தான், 2020 டிசம்பர் கடைசி வாரத்தில், மோசடி வாய்ப்பைக் கணித்து மதிப்பெண் போடும் ஒரு மென்பொருளை நம்பி 11 லட்சம் பேரின் வேலையின்மை உதவித்தொகையை நிறுத்தினார்கள். அவர்களில் சுமார் 6 லட்சம் பேர் உண்மையான பயனாளிகள் என்று சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம் பின்னர் சொன்னது.

அந்தப் பதில் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைத்தவரிடம், நேரே போய் அந்தக் கணினிகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இல்லை. கேட்டு எழுதும் அதிகாரம் மட்டும்தான் சட்டம் அவருக்குத் தந்திருந்தது.